விட்டுப்போன ஒரு வரி

— ஆறு நாவல் எல்லாம் முடியாதும்மா. நாலு வச்சுக்கோ.

— டெலியா, பேரம் பேச இது என்ன சந்தைக் கடையா? பத்தாவதுல அஞ்சு படிச்ச. பதினோராவதுல ஆறு. ஏறத்தான் செய்யும், இறங்காது.

— அஞ்சு படிச்சேன்னு நீ எழுதி வச்சிருக்க. அந்தச் சுரங்கக்காரன் கதையை நான் பாதியிலேயே மூடிட்டேன்.

— தெரியும். அதனாலதான் 'சி' கிரேடு போட்டேன். ஜூன் மாசம் உன் வருஷப் படிப்பைச் சரிபார்க்க வந்தப்போ, ஃபைலைப் பார்த்துட்டு க்ரைடர் அம்மா கூடக் கேட்டாங்க. "என்ன லோர்னா, வீட்லயே வச்சுப் பாடம் சொல்லித் தர்ற, பெத்த பொண்ணுக்கே சி-யா?"ன்னு. காலைல எட்டு மணி வரைக்கும்தான் நான் அவளுக்கு அம்மா, அதுக்கு மேல டீச்சர்னேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க.

— எட்டு மணிக்கு முன்னாடியும் நீ அம்மாவா இருந்து நான் பார்த்ததில்லை.

— நல்லாயிருக்கு. சின்ன வாக்கியம், நேரா போய்க் குத்துது. இதையே கட்டுரைல எழுதச் சொன்னா மூணு பக்கத்துக்கு வழவழன்னு இழுப்ப. பேனாவை எடு. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தத் திட்டம் டிஸ்ட்ரிக்ட் கல்வி ஆபீஸுக்குப் போயாகணும். இல்லேன்னா இந்த வருஷம் நீ வீட்ல படிக்கிறது படிப்பாவே சேராது.

— சொல்லு, எழுதறேன்.

— செப்டம்பர், அக்டோபர்: ஊரே வெள்ளத்துல முழுகிப்போற நாவல், அப்புறம் அந்தத் தபால்காரன் நாவல். வாரம் ஒரு கட்டுரை. நவம்பர் முழுக்கக் கவிதை. தினம் ஒண்ணு, மனப்பாடம்.

— மனப்பாடம் பண்ணி யார்கிட்ட ஒப்பிக்கிறது? ஆட்டுக்கிட்டயா?

— என்கிட்ட. டிசம்பர்ல நாடகம். கல்யாண வீட்ல ஆரம்பிச்சு கோர்ட்டுல போய் முடியுமே, அது.

— நம்ம வீட்டுக் கதையாச்சே. படிக்காமலே பரீட்சை எழுதிடுவேன்.

— குறுக்க பேசாதே. ஜனவரி, பிப்ரவரி: ரெண்டு தடி நாவல். பனி கொட்டற நேரம், வெளில போக முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். மார்ச்: ஆராய்ச்சிக் கட்டுரை. பன்னிரண்டு பக்கம், அடிக்குறிப்போட. தலைப்பு உன் இஷ்டம்.

— நிஜமாவா? "வீட்ல வச்சுப் படிக்கவைக்கிற பிள்ளைங்க ஏன் வீட்டை விட்டு ஓடறாங்க"ன்னு எழுதவா?

— தாராளமா எழுது. ஆதாரம் குறைஞ்சது பத்து வேணும். உன் புலம்பல் ஆதாரம் ஆகாது. ஏப்ரல்: ஒரு சிறுகதை. மே: மிச்ச ரெண்டு நாவல், பெரிய பரீட்சை. அவ்வளவுதான். வருஷத்துக்கு நூத்தி எண்பது நாள் பாடம்ங்கற கணக்கு சரியா வந்துடும்.

— ஏப்ரல்ல எப்பவும் நினைவுக் கட்டுரைதானே வரும்? எட்டாவதுக்கு அப்புறம் வருஷா வருஷம் அப்படித்தான். அது எங்க?

— முன்னாடி தள்ளி வச்சிருக்கேன்.

— எவ்வளவு முன்னாடி?

— ஆகஸ்ட் மூணாவது வாரம்.

— ஆகஸ்ட்ல நாம பாடமே ஆரம்பிக்கிறதில்லையே. மக்காச்சோளம் அறுத்து முடியாம யாரும் புத்தகத்தைத் தொட மாட்டோம்.

— இந்த வருஷம் சீக்கிரம் ஆரம்பிக்கறோம். சொந்த அனுபவத்துல தொடங்கினா கை பழகும்.

— தலைப்பு?

— "என் தங்கையின் கை." அறுநூறு வார்த்தை.

— ம்.

— என்ன ம்?

— செப்டம்பர் ஒன்பதாம் தேதி கோர்ட்டு. மாசத்துல ரெண்டு சனி, ஞாயிறு ஜூனியைத் தன்கிட்ட அனுப்பணும்னு அப்பா கேட்டிருக்கார். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நான் ஜூனியோட கையைப் பத்திக் கட்டுரை எழுதணும். என்னம்மா, என்னைப் பார்த்தா முட்டாளாவா தெரியுது?

— முட்டாள்னு நான் என்னிக்குமே சொன்னதில்லை. சோம்பேறின்னுதான் சொல்லியிருக்கேன். கோர்ட்டு தேதி உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும். விடு.

— வெண்டல் சொன்னாரா? உங்க அப்பாவைப் பார்க்கறியா நீ?

— பார்த்தா என்ன? அப்பா நூறு அடி தள்ளி நிக்கணும்னு ஜட்ஜ் சொன்னது ஜூனிகிட்டேர்ந்துதான். எனக்குப் பதினாறு வயசு.

— எங்க?

— லைப்ரரிக்குப் பின்னாடி, கார் நிறுத்தற இடத்துல. சனிக்கிழமை சனிக்கிழமை. போன அக்டோபர்லேர்ந்து. போதுமா? தேதி, இடம், எல்லாம் குறிச்சுக்கோ. நீதான் எதுக்கும் தேதி போட்டு வைப்பியே.

— அதான் சனிக்கிழமையானா அவ்வளவு அக்கறையா புத்தகம் மாத்தப் போனியா. எனக்கும் அப்பவே தோணியிருக்கணும். மாத்திட்டு வந்த புத்தகத்துல ஒண்ணைக்கூட நீ திறந்து பார்த்ததில்லை.

— நான் எழுத மாட்டேன்மா.

— எழுதுவ.

— மாட்டேன்.

— அப்போ கேளு. எழுதலைன்னா அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம். அதோட நிக்காது. பதினோராவது இங்கிலீஷ் முடிக்கலைன்னு போடுவேன். நாலு வருஷ இங்கிலீஷ் இல்லாம எந்த நர்சிங் காலேஜ் உன்னைப் படியேத்தும்? உன் மார்க் ஷீட்ல கையெழுத்துப் போடற ஆள் இந்த நாற்காலில உட்கார்ந்திருக்கா. இந்த ஸ்கூலுக்கு வேற ஹெட்மாஸ்டர் கிடையாது.

— ஊர் ஸ்கூல்ல போய்ச் சேர்ந்துக்கறேன்.

— போயேன். உன் ஒன்பதாவது, பத்தாவது மார்க் எல்லாம் யார் கொடுத்ததுன்னு கேப்பாங்க. எனக்குப் போன் வரும். அதெல்லாம் சும்மா வீட்டோட விளையாடினது, பாடம்னு ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிடுவேன். பதினாறு வயசுல ஒன்பதாவதுல போய், மீசை முளைக்காத பசங்களுக்கு நடுவுல உட்காரு. பழக்கமில்லாத பெஞ்சு, கொஞ்சம் கடிக்கும்.

— பெத்த பொண்ணைப் பத்தி அப்படிச் சொல்லுவியா?

— சி போட்டவ இதைச் சொல்ல மாட்டேனா?

— சரி. நீ இப்படித்தான் பேசுவேன்னு தெரிஞ்சுதான் நானும் சும்மா வரலை. இதைப் பாரு.

— என்ன அது?

— எட்டாவதுல நான் எழுதின கட்டுரை. மூணு வருஷத்துக்கு முந்தின நவம்பர். தலைப்பு, "நான் பயப்படும் ஒருவர்." முதல் படி ஒண்ணு, கடைசிப் படி ஒண்ணு. ரெண்டுலயும் நீ போட்ட தேதி இருக்கு.

— இது ஏது உனக்கு?

— உனக்கு எல்லாத்துக்கும் படி வேணும். முதல் படி, ரெண்டாம் படி, திருத்தின படி, சுத்தப் படி. பிள்ளை எப்படி முன்னேறியிருக்குன்னு ஃபைல்ல தெரியணும்னு எல்லாத்தையும் அடுக்குவ. க்ரைடர் அம்மா முதல் படியையும் கடைசிப் படியையும் நகல் எடுத்து வச்சுப்பாங்க, அது அவங்க வழக்கம். போன வாரம் போய்க் கேட்டேன். காலேஜுக்கு வேணும்னேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நகலையும் கொடுத்து அனுப்பினாங்க.

— பரவாயில்லை, மூளை வேலை செய்யுது.

— படிக்கட்டா?

— எனக்குத் தெரியாததா? படி, உனக்கு ஆசையா இருந்தா.

— முதல் படி: "அம்மா அன்று தேவாலயத்தில் பாட்டு ஒத்திகையில் இருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். நிலவறைப் படிக்கட்டின் மேல்படியில் அப்பாவும் ஜூனியும் இருந்தார்கள். அப்பாவின் கை ஜூனியின் தோளில் இருந்தது. நான் அடுப்பை அணைக்கத் திரும்பினேன். பிறகு ஜூனி கீழே கிடந்தாள்." இது நான் எழுதினது. நான் பார்த்தது. இதுக்கு மேல ஒரு எழுத்து நான் பார்க்கலை.

— சரி.

— கடைசிப் படி: "அப்பாவின் கை ஜூனியின் தோளில் இருந்தது. அவர் அவளைத் தள்ளினார். பிறகு ஜூனி கீழே கிடந்தாள்." அடுப்பு போயிடுச்சு. நான் திரும்பினது போயிடுச்சு. நடுவுல ஒரு வரி புதுசா வந்திருக்கு. அது எங்கேர்ந்து வந்துச்சு, டீச்சர்?

— நீதான் எழுதியிருக்க. உன் கையெழுத்து.

— நீ சொன்ன! இதே மேஜைல, இதே இடத்துல. "ரெண்டு வரிக்கும் நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு, இதைச் சேர்த்து சுத்தமா எழுது"ன்ன. நான் பார்க்கலையேம்மான்னேன். "எழுது"ன்ன. அழுதேன். "அழுதுக்கிட்டே எழுதினா மை கலைஞ்சுடும், முகத்தைக் கழுவிட்டு வா"ன்ன. ஞாபகம் இருக்கா?

— நல்லா ஞாபகம் இருக்கு. தொண்ணூத்தெட்டு மார்க் போட்டேன்.

— ஆமா, தொண்ணூத்தெட்டு! முடிவு வலுவா இல்லைன்னு ரெண்டு குறைச்ச! அதை உறையில போட்டு ஜட்ஜுக்கு அனுப்பின. ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டிட்டு, என்னைப் பார்த்து, "நல்லா எழுதற பாப்பா"ன்னார். அதோட அப்பா ஜூனியைப் பார்க்கக் கூடாதுன்னு ஆகிடுச்சு. பதிமூணு வயசும்மா எனக்கு. என் கையால என் அப்பாவை வெளில தள்ளினேன்.

— இந்த வாக்கியமும் நல்லாயிருக்கு.

— மார்க் போடாதே! நான் பேசறதுக்கு மார்க் போடாதே! நீ மனுஷியா? உன் வாழ்நாள்ல ஒரு பக்கம் நீயா எழுதியிருப்பியா? மத்தவங்க எழுதினதுல சிவப்பு மையால கீறத்தான் தெரியும் உனக்கு. அப்பாதான் எனக்கு எழுத்தே சொல்லிக் கொடுத்தார். விதைக் கம்பெனி புத்தகத்துக்கு அச்சுப்பிழை திருத்தி புரூஃப் பார்த்துட்டு, கண்ணு எரிய எரிய வந்து, என் பக்கத்துல உட்கார்ந்து கதை கேப்பார். அவர் இருந்த வரைக்கும் இங்கிலீஷ் எனக்குப் பிடிச்ச பாடம். நீ எடுத்துக்கிட்ட அன்னிக்கே அது செத்துப்போச்சு.

— சத்தம் போட்டா வாதம் ஜெயிக்காது. உன் அப்பா அதைச் சொல்லித் தரலையா?

— ஒன்பதாம் தேதி நான் கோர்ட்டுக்கு வரேன். இந்த ரெண்டு தாளையும் ஜட்ஜ் முன்னாடி வைப்பேன். ஒரு வரியை எங்கம்மா எழுதவச்சாங்க, நான் பார்க்கவே இல்லைன்னு சொல்லுவேன். ஜூனி அவர்கிட்ட போவா. அவ அப்பாவை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பேன். அப்புறம் நீ எனக்கு இங்கிலீஷ்ல பூஜ்யம் போடு, கணக்குல பூஜ்யம் போடு, கவலையே இல்லை.

— ஜூனிகிட்ட கேட்டியா?

— அவளுக்கு அப்போ அஞ்சு வயசு. அவளுக்கு என்ன தெரியும்?

— அவ முழங்கை இன்னும் முழுசா நீளாது. அதுக்குக் கொஞ்சம் தெரியும்.

— குழந்தைங்க விழத்தான் செய்யும். அப்பா அவளைப் பிடிக்கப் போனார், பிடிக்க முடியலை. அவ்வளவுதான்.

— யார் சொன்னது?

— அப்பா.

— எங்க வச்சு? லைப்ரரிக்குப் பின்னாடியா?

— ஆமா. அழுதார் தெரியுமா? கார்ல உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு. அந்தக் கட்டுரையை நான் எழுதினேனேன்னு நான் அவர் முன்னாடி எவ்வளவு அழுதேன்! அவர் என் தலைல கை வச்சு என்ன சொன்னார் தெரியுமா?

— சொல்லு, கேப்போம்.

— "நீ சின்னப் பொண்ணு டெல், உன்னை எழுதவச்சாங்க. நீ எழுதினதுக்காக நான் உன்னை என்னிக்கோ மன்னிச்சுட்டேன்"னார்.

— என்ன சொன்னார்?

— மன்னிச்சுட்டேன்னார்.

— மன்னிச்சுட்டாரா! வெண்டலா? உன்னையா?

— ஏன் சிரிக்கற?

— இரு. மூச்சு வாங்குது. மூணு வருஷமா இவ்வளவு சிரிச்சதில்லை நான். மன்னிச்சுட்டாராம்! ஐயோ, தாயே! அந்த அலமாரில கீழ் டிராயரைத் திற.

— எதுக்கு?

— திறடி. தையல் துணிக்கு அடியில ஒரு பழுப்பு உறை இருக்கும்.

— இருக்கு.

— எடுத்துக்கிட்டு வா. க்ரைடர் அம்மாகிட்ட முதல் படியும் கடைசிப் படியும்தான் இருக்கும். நடுவுல ரெண்டாம் படி ஒண்ணு இருந்துச்சே, திருத்தின படி, அது எங்கேன்னு நீ ஒரு தடவையாவது யோசிச்சியா? யோசிக்க மாட்ட. ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் இதே தப்புதான் பண்ணுவ. கையில கிடைச்ச ரெண்டு தாளை வச்சே முடிவு கட்டிடுவ.

— என்னம்மா இது?

— அதான். உன் ரெண்டாம் படி. ஜூனி விழுந்த பத்தாம் நாள், ஞாயித்துக்கிழமை, உங்க அப்பா துணிமணி எடுத்துட்டுப் போக வந்தார். நீ ஜூனியோட ஆஸ்பத்திரில இருந்த, கட்டு மாத்த. நான் இந்தத் தாளை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "உன் மாணவி உன்னைப் பத்தி எழுதியிருக்கா, திருத்திக் கொடுத்துட்டுப் போ"ன்னேன். நல்ல எண்ணத்துல கொடுக்கலை. அசிங்கப்படட்டும்னுதான் கொடுத்தேன். வாசல்ல நின்னபடியே படிச்சார். ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

— பொய்.

— தாள் உன் கையிலதான் இருக்கு. என்னை எதுக்குக் கேக்கற? சிவப்பு என்னுது. பென்சில் யாருது?

— பொய் சொல்ற.

— புரூஃப்ல விட்டுப்போன வார்த்தையைச் சொருகற இடத்துக்கு அவர் போடற குட்டிக் கூரை மாதிரிக் குறி. நான் அந்தக் குறியை என் வாழ்க்கைல போட்டதில்லை, எனக்குப் போடவும் வராது. இடது கை எழுத்து, பொடிப்பொடியா பின்னால சாய்ஞ்சு. உன் பிறந்தநாள் அட்டை ஒவ்வொண்ணுலயும் இருக்குமே, அந்த எழுத்து. வாய் விட்டுப் படி. எட்டாவதுல மட்டும் நல்லா வாசிப்பியே.

— "இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒன்று விட்டுப்போயிருக்கிறது, டெல்."

— கீழ.

— "அவர் அவளைத் தள்ளினார்."

— அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இருக்கு. சிவப்பால அடிச்சிருக்கும், ஆனா படிக்க முடியும்.

— "தெரிந்தே."

— அந்த ஒரு வார்த்தையை அடிச்சது மட்டும் நான். சமையலறை வாசல்ல நிக்கற பதிமூணு வயசுப் பொண்ணுக்கு அது தெரிஞ்சிருக்க வழியில்லை, ஜட்ஜ் சந்தேகப்படுவார்னு அடிச்சேன். நீ அடுப்பு பக்கம் திரும்பினதையும் நான்தான் எடுத்தேன். மத்தபடி அந்த வரி அவர் வரி. பென்சிலைத் திரும்பக் காதுல சொருகிக்கிட்டார், பெட்டியைத் தூக்கினார், போயிட்டார். கோர்ட்டுல ஏன் வாயே திறக்கலைன்னு நினைச்ச? உன்னைப் பொய்க்காரின்னு சொல்ல மனசு வராததாலயா?

— ஆமா. அப்படித்தான் நினைச்சேன். அப்படித்தான் மூணு வருஷமா நினைச்சேன்.

— அவர் பண்ணின ஒரே நல்ல காரியம் இந்த ஒரு வரி. அதையும் இப்போ உன் தலைல கட்டிட்டு, உன்னை மன்னிச்சும் விட்டுட்டார். மூணு வருஷத்துல தான் எழுதினதை நீ எழுதினதாவே நம்பிட்டார் போலிருக்கு. தனியா இருக்கார் இல்லையா, சொல்லிச் சொல்லி நம்பியிருப்பார்.

— ஏம்மா என்கிட்ட சொல்லலை? ஏன் சொல்லலை?

— ஜட்ஜ்கிட்ட காட்ட முடியாது. குழந்தை எழுத்துல பெரியவங்க கை பட்டிருக்குன்னு தெரிஞ்சா மொத்தக் கட்டுரையும் குப்பைக்குப் போயிடும்னு வக்கீல் சொன்னார். அதான் துணிக்கு அடியில வச்சேன்.

— நான் ஜட்ஜைக் கேக்கலை. என்கிட்ட ஏன் சொல்லலை?

— உன் மனசு உடைஞ்சுடுமேன்னு சொல்லலைன்னா நம்புவியா?

— மாட்டேன்.

— நம்பாதே. எனக்குக் கோபம். இந்த வீட்ல சோறு போட்டு, துணி துவைச்சு, ராத்திரி ஜூனிக்குக் கை வலிச்சா தேய்ச்சு விட்டு, எல்லாம் பண்றது நான். நீ உள்ள வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்ப, அழுகின பழத்தைப் பார்க்கற மாதிரி. சரி, அப்பன் பக்கமே போகட்டும், எவ்வளவு தூரம்தான் போவாள்னு பார்ப்போம்னு இருந்தேன். நீ ஒருநாள் தாளோட வந்து நிப்பேன்னு தெரியும். அன்னிக்கு இதை எடுத்து உன் கையில கொடுக்கணும். மூணு வருஷம் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தேன். நான் கெட்டவள்னு சொல்லிக்கோ. வந்துடுச்சு அந்த நாள்.

— சந்தோஷமா இருக்கா?

— இருக்கும்னு நினைச்சேன். இல்லை. உட்காரு, நிக்காதே, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. தண்ணி குடி. பேனாவை எடுக்காதே, திட்டத்தை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த ஆகஸ்ட் கட்டுரையை வேணா அடிச்சுடு. நீ எழுத வேண்டாம். நானே ஒன்பதாம் தேதி போய் இந்தத் தாளைக் காட்டறேன். என் மேல கேஸ் போட்டாலும் போடட்டும், ஜூனி அங்க போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும். மணி ஒண்ணாச்சு. அவளும் பசியோட இருப்பா. கொல்லையில இருந்து கூப்பிடு அவளை.

— அவ கொல்லையில இல்லைம்மா.

— பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகிட்ட இருப்பா. போய்க் கூட்டிட்டு வா.

— அங்கயும் இல்லை.

— பின்ன எங்க? டெலியா? வாயைத் திற. ஜூனி எங்க?

— ஒன்பதாம் தேதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இன்னிக்கு ஒரு நாள் முன்கூட்டியே பழகட்டுமேன்னு அப்பா கேட்டார். நீ காலைல பத்திரத்துல முத்திரை வாங்க நோட்டரியைப் பார்க்கப் போனதும் வண்டியைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினார். மாட்டேன், மாட்டேன்னு அவ கதவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நான்தாம்மா ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்து, அவளைத் தூக்கிக்கிட்டுப் போய் அவர் பக்கத்துல உட்காரவச்சேன்.